காரில் மிட் ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது?

கார் வாங்கிய முதல் மாதத்தில் நம் ஆட்கள் செய்யும் செலவு இரண்டு. ஒன்று சீட் கவர், இன்னொன்று பாட்டு செட். பாட்டு செட்டில் பணம் போகும் வழியும் எல்லோருக்கும் ஒன்றுதான். டிக்கியில் ஒரு பாஸ் பெட்டி. அது அதிர வேண்டும், பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்புறம் கண்ணாடி ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி இரண்டு ட்வீட்டர். இவை இரண்டுக்கும் நடுவே வேலை செய்யும் மிட்ரேஞ்ச் ஸ்பீக்கரை (கடையில் சுருக்கமாக 'மிட்') யாரும் கண்டுகொள்வதில்லை. கம்பெனிக்காரன் கதவில் ஓட்டை விட்டிருந்தால் அதில் மாட்டுவார்கள். ஓட்டை இல்லை என்றால் மெக்கானிக்கின் கைக்கு எட்டிய இடத்தில்!

ஆனால் பாடுகிறவரின் குரல் வருவது அந்த மிட்டில்தான்.

மனிதக் குரலின் அடிப்படை அதிர்வு ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 85 முதல் 180 வரை, பெண்களுக்குச் சுமார் 165 முதல் 255 வரை இருக்கும். அதோடு முடிந்துவிட்டால் பெரிய ஸ்பீக்கரே போதும். ஆனால் வார்த்தை புரிவது அதற்கு மேலே அடுக்கடுக்காக வரும் அதிர்வுகளில். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பியது. அதை வைத்துக்கொண்டே மக்கள் கல்யாணம் பேசினார்கள், கடன் கேட்டார்கள், சண்டை போட்டார்கள். எதுவும் புரியாமல் போகவில்லை. ஏறக்குறைய அந்த 300லிருந்து 3400 வரைதான் மிட்டின் ராஜ்ஜியம். அதிலும் உயிரெழுத்தின் பலம் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. க, ச, ட, த, ப இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே. மேல்பகுதி மங்கிவிட்டால் சத்தம் இருக்கும், சொல் இருக்காது.

இது என்ன பெரிய விஷயமா என்று தோன்றலாம். எம். புதுப்பட்டியில் ஒரு ஆம்னி வேனுக்குள் இது பெரிய விஷயமாகத்தான் போய்விட்டது.

சிவகாசிப் பக்கம் இருக்கும் எம். புதுப்பட்டியைச் சுற்றிக் கரிசல் காடு, அந்தக் காட்டுக்குள் வேலி போட்டுத் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளாகப் பட்டாசு ஆலைகள். ஊரில் யாரும் ஆலை என்று சொல்வதில்லை, 'பயர் ஆபீஸ்'தான். காலையில் வேன்கள் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றும், சாயங்காலம் கொண்டு வந்து இறக்கும். அப்படி ஒரு வேன் ஓட்டுகிறவர்தான் இந்தக் கதையின் நாயகர். வயது நாற்பதுக்கு மேல். வண்டி பழைய மாருதி ஆம்னி. 1984ல் வந்து 2019ல் உற்பத்தி நின்றுபோன அந்த டப்பா வண்டி இன்னமும் கிராமத்து ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு பேர் போகலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். எத்தனை பேர் போகிறார்கள் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம்!

ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பாதிப் பேர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஆகவே போகும்போதும் வரும்போதும் வேனில் ஓடும் கோடைப் பண்பலைதான் பாட்டு, செய்தி எல்லாம்.

வேன்காரருக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு. முன் கதவுகள் இரண்டிலும் கீழே 6 அங்குல ஸ்பீக்கர், பின்சீட்டுக்கு அடியில் ஒரு பாஸ் பெட்டி. இது வாங்கும்போதே இருந்த செட். பிறகு யூடியூபில் கார் ஆடியோ வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கே எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். நல்ல செட் என்றால் பாடகர் வண்டியின் மூக்குக்கு மேலே, நட்ட நடுவில் நின்று பாடுவது போல இருக்க வேண்டுமாம். இவருடைய வண்டியில் பாடகர் இவருடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

காரணம் தெரிந்துகொள்ள ஒரு அளவு நாடா போதும். டிரைவர் காதிலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் 80 சென்டிமீட்டர். இடது கதவு ஸ்பீக்கர் 140. வித்தியாசம் 60 சென்டிமீட்டர். வெயில் காலத்து வண்டிக்குள் சத்தம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும், அதாவது மில்லி செகண்டுக்கு 35 சென்டிமீட்டர். ஆக இடது பக்கத்துச் சத்தம் 1.7 மில்லி செகண்ட் தாமதமாக வருகிறது. இதெல்லாம் ஒரு தாமதமா என்று கேட்கலாம். மனிதனின் இரண்டு காதுகளுக்கும் நடுவே சத்தம் கடக்க ஆகும் நேரமே அதிகபட்சம் 0.7 மில்லி செகண்டுக்குள்தான். அந்தத் துளி நேரத்தை வைத்துத்தான் சத்தம் எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிக்கிறது. கீழ் அதிர்வுகளில் இப்படி நேரத்தை வைத்து, மேல் அதிர்வுகளில் எந்தக் காதில் சத்தம் அதிகம் என்பதை வைத்து என்று பிரிட்டனைச் சேர்ந்த ராலே பிரபு 1907லேயே விளக்கிவிட்டார். இரண்டும் கைமாறும் இடம் 1500 ஹெர்ட்ஸ் வாக்கில். அது சரியாக மிட்டின் வயிற்றுக்குள் விழுகிறது. பாஸ் பெட்டியை எங்கே வைத்தாலும் பெரிதாகத் தெரியாமல் போவதற்கும், மிட்டை ஒரு சாண் நகர்த்தினாலே பாடகர் இடம் மாறி உட்காருவதற்கும் இதுதான் காரணம்.

ஒரு காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. மோட்டரோலா 1930ல் கார் ரேடியோவைக் கடைக்குக் கொண்டுவந்த காலத்தில் ஒரே ஸ்பீக்கர்தான். பாட்டு ஒரு இடத்தில் இருந்துதான் வரும், நடு எது ஓரம் எது என்ற கேள்வியே இல்லை. ஸ்டீரியோ வந்த பிறகுதான் வம்பு. வீட்டில் என்றால் இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். காரில் நாற்காலிகளுக்கு வெல்டிங் அடித்துவிட்டார்களே! ஒரு குறிப்பிட்ட காருக்காகவே அளந்து, அதன் சீட்டும் கண்ணாடியும் எங்கே என்று பார்த்து ஸ்பீக்கர் வைக்கும் வேலையை போஸ் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1983 மாடல் கார்களில் செய்தது. மற்றவர்களுக்கெல்லாம் மெக்கானிக்கின் கண்தான் அளவு.

சரி, வேன்காரர் என்ன செய்தார்? வீடியோவில் சொன்ன முதல் இடம் கிக் பேனல், அதாவது கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவர். அங்கே மாட்டினால் இரண்டு ஸ்பீக்கரும் காதிலிருந்து விலகிப் போவதால் தூர வித்தியாசம் குறையும். நீளமான மூக்குள்ள காருக்கு அது நல்ல யோசனை. ஆம்னிக்கு மூக்கே கிடையாது. டிரைவரின் கால் இருக்கும் இடத்தோடு வண்டி முடிந்துவிடுகிறது. போதாததற்கு மழை பெய்தால் அந்த மூலையில் சேறு.

இரண்டாவது இடம் டேஷ்போர்டு. 4 அங்குல மிட் இரண்டை டேஷ்போர்டின் இரண்டு மூலையிலும் கண்ணாடியைப் பார்த்தபடி வைத்தார். சிறிய மிட்டைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஸ்பீக்கரின் அகலத்தை விட அலையின் நீளம் குறையும்போது சத்தம் டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் போக ஆரம்பிக்கும். 6 அங்குலத்துக்கு அது 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே தொடங்கிவிடும். 4 அங்குலம் இன்னும் கொஞ்சம் மேலே வரை விரித்துக் கொடுக்கும். குரல் மேலே ஏறி வந்தது. ஆனால் ஏதோ குழாய்க்குள் இருந்து பேசுவது போல இருந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சத்தம் நேராக வரும் சத்தத்தை விட ஒரு சாண் தூரம் கூடுதலாக நடந்து வருகிறது. 17 சென்டிமீட்டர் கூடுதல் என்றால் 1000 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிரும் புதிருமாகி ஒன்றை ஒன்று அமுக்கும். 3000லும் அப்படியே. 2000ல் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். குரலில் இப்படிச் சீப்பு மாதிரிப் பல் பல்லாக வெட்டு விழுந்தால் குழாய் போலத்தான் கேட்கும். மிட்டைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, எதிர்ப்பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்தபடி வைத்ததும் பாதி சரியானது. மீதிப் பாதிக்கு ஒரு டி.எஸ்.பி. வாங்கிப் பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார். பாடகர் வைப்பருக்கு மேலே வந்து நின்றார். வேன்காரருக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லையாம்.

அந்த டி.எஸ்.பி. தாமதம் ஒரு தலைக்குத்தான் பொருந்தும் என்பதை வீடியோக்காரர்களும் சொல்லத்தான் செய்கிறார்கள், ஆனால் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். டிரைவருக்குச் சரி செய்தால் பக்கத்து சீட்டுக்கு முன்பை விட மோசமாகும். பின்சீட்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. போட்டிக்குப் போகிற கார்களில் பின்சீட்டில் ஆளே இருக்க மாட்டார்கள் போல!

இப்படிச் சில மாதங்கள் ஓடின. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வேன் திரும்பிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து செய்தி வந்தது. ஏதோ ஓர் ஊர் அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். டிரைவர் காதில் ஊர்ப் பெயர் சுத்தமாக விழுந்தது. தள்ளி இருக்கும் ஊர். தன் வண்டியில் இருப்பவர்களின் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வேலைக்குப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். 'பாவம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எதிரே வந்த லாரிக்கு வழி விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

பின்சீட்டில் கேட்டது வேறு. "....ப்பட்டி அருகே பட்டாசு...." அவ்வளவுதான். பட்டாசு, விபத்து இரண்டும் அங்கே எல்லோருக்கும் பழகின சொற்கள், பாதி விழுந்தாலே மீதியை மனசு போட்டுக்கொள்ளும். ஊர்ப் பெயரை அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. அந்தப் பக்கம் எத்தனை பட்டிகள்! பெயரின் பின்பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வேறுபடுவது முன்பாதி, அதுவும் ஓரிரு மெய்யெழுத்தில். ஒருவருக்கு மகள் ஒரு பட்டியில் வேலை. இன்னொருவருக்கு வீட்டுக்காரர் வேறொரு பட்டியில். கையில் போன் இல்லை. ஆறேழு நிமிடம் பின்சீட்டில் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அம்மா கையை நீட்டி டிரைவரின் தோளைத் தட்டினார்.

"ஏப்பா, எந்தப் பட்டின்னு சொன்னான்?"

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். நம்பவில்லை. "ஒனக்கு நல்லாக் கேட்டுச்சா? சத்தியமா அந்த ஊருதானா?" வண்டியை ஓரம் கட்டி, திரும்பி உட்கார்ந்து, மறுபடி சொன்ன பிறகுதான் ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அந்த ஊரிலும் யாரோ ஒருவரின் மகளும் வீட்டுக்காரரும்தான் என்ற நினைப்பு அடுத்த நிமிடமே எல்லோருக்கும் வந்தது. அதன் பிறகு ரேடியோ ஓடவில்லை.

ஒரே வண்டி, ஒரே ரேடியோ. முன்னால் இருந்தவருக்கு ஊர் தெரிந்திருக்கிறது, பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இது வேன்காரரை ரொம்பவே உறுத்திவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்பது கணக்குப் போட்டால் புரியும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை நீளம் மூன்றரை மீட்டர். ஆம்னியின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த அலைக்கு சீட், ஆள், சாப்பாட்டுக் கூடை எதுவும் தடையே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். 3000 ஹெர்ட்ஸ் அலை வெறும் 11 சென்டிமீட்டர். முன்சீட்டின் முதுகே அதற்கு மதில் சுவர். மதிலைத் தாண்டினால் முன்வரிசை ஆட்களின் உடம்பு, சேலை, துண்டு, பை. இவை எல்லாம் மேல் அதிர்வுகளை நன்றாகக் குடிக்கும். இதற்கு மேல் ஆம்னியின் 796 சி.சி. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருந்து போடும் உறுமல். ஆகப் பின்வரிசைக்குப் போய்ச் சேருவது பாஸும் எஞ்சினும். டேஷ்போர்டு மூலையில் குறுக்காகத் திருப்பி வைத்த அழகான மிட்டில் இருந்து பின்சீட்டுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வால்யூமைக் கூட்டினார். பின்சீட்டுக்குச் சொல் புரிகிற அளவுக்குக் கூட்டினால் டிரைவர் காது கிழிகிறது. இது சும்மா சொல்லும் பேச்சு இல்லை. தொழிலாளர் காதுகளுக்காக அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரே மணி நேரம். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிற ஆளுக்கு இது பெரிய கணக்கு. பெருஞ்சத்தத்தில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது மெய்யெழுத்துகள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீடு. போனால் திரும்பி வராது.

(சத்தத்தைத் தூரத்தோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்பது சிவகாசிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. பட்டாசுக்கு 1999ல் மத்திய அரசு வகுத்த வரம்பே 'வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில்' 125 டெசிபல் என்றுதான் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். வேனில் மட்டும் யாரும் அந்த 'எவ்வளவு தூரத்தில்' என்ற கேள்வியைக் கேட்பதில்லை.)

அடுத்து சிவகாசியில் இருக்கும் ஒரு கார் செட் கடைக்குப் போனார். கடைத் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பின்கதவுல ரெண்டு போட்டுருவோம், முடிஞ்சுச்சு" என்றார். போட முடியாது. ஆம்னியின் பின்கதவு தள்ளுக் கதவு. நாளுக்கு ஐம்பது தடவை சறுக்கிப் போய் வரும் கதவுக்குள் ஒயர் கொண்டுபோனால் எத்தனை நாள் தாங்கும்? சாதாரணக் கார் என்றால் பின்கண்ணாடிக்கு அடியில் பலகை இருக்கும். அம்பாசடர் காலத்திலிருந்து நம்மூரில் ஸ்பீக்கருக்கு அதுதான் ஆகிவந்த இடம். முட்டை வடிவில் ஒரு ஜோடியை வைத்துவிட்டு மேலே துண்டு விரித்துவிடுவார்கள். ஆம்னியில் அந்தப் பலகையும் இல்லை. இருந்தாலும் அது ஆட்களின் பிடரிக்குப் பின்னால் இருந்து பேசும் இடம்.

விடை கிடைத்தது கார் செட் கடையில் இல்லை, கோயில் திருவிழாவில். ஊர்ப் பொங்கலுக்கு மைக் செட் கட்டும் பெரியவர் ஒருவர் வேன்காரருக்குச் சித்தப்பா முறை. அகுஜா ஆம்ப்பும் கூம்பு ஒலிபெருக்கியும் வைத்து அந்தக் காலத்திலிருந்து தொழில் பார்க்கிறவர். அந்தக் கூம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பாஸும் வராது, உச்சியில் இருக்கும் இனிமையும் வராது. வருவதெல்லாம் நடுப்பகுதி மட்டும். அதாவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் காலங்காலமாக மிட்டை மட்டும் தனியாக எடுத்து, எங்கே கட்டுவது என்று தினமும் யோசிக்கிற தொழிலாளி ஒருவர் உண்டென்றால் அது மைக் செட்டுக்காரர்தான்! கார் ஆடியோ விளம்பரத்தில் அவர் படத்தை யாரும் போடவில்லை.

பெரியவர் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம். "என்னப்பா, கூட்டத்துக்கு நடுவுல தரையில யாராச்சும் கொழாயக் கட்டுவானா? ஆளு தலைக்கு மேல தூக்கு. ஒண்ணு பெருசா அலற விடாத, நாலு சின்னதாப் பேச விடு."

சித்தப்பா சொன்னது இரண்டு விஷயம். தலைக்கு மேலே கட்டினால் சத்தத்துக்கும் காதுக்கும் நடுவே சீட்டும் உடம்பும் வராது. கூம்பை மரத்திலும் கம்பத்திலும் ஏற்றுவது தூரம் போக மட்டும் இல்லை, முன்வரிசைக் கூட்டம் சத்தத்தைக் குடித்துவிடாமல் இருக்கவும்தான். இரண்டாவது, பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் எந்த ஒரு காதுக்கும் பக்கத்தில் கத்த வேண்டியதில்லை.

வேன்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. திருவிழாவில் தெருவெல்லாம் கூம்பு கட்டினால் பேச்சு இரண்டு மூன்றாக எதிரொலித்துக் குழம்புகிறதே, இங்கேயும் அப்படி ஆகாதா? ஆகாது. தெருவில் ஒரு கூம்புக்கும் அடுத்த கூம்புக்கும் 35 மீட்டர் என்றால் பத்தில் ஒரு நொடி வித்தியாசம், அது காதுக்கு இரண்டு குரல். வேனுக்குள் பின்சீட்டு ஆளுக்கு மேல் மிட் அரை மீட்டர், டேஷ்போர்டு மிட் இரண்டு மீட்டர். ஒன்றரை மீட்டர் வித்தியாசம், 4 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். இவ்வளவு சின்ன இடைவெளியில் மூளை இரண்டையும் ஒரே குரலாகச் சேர்த்து, முதலில் வந்த திசையிலிருந்தே வருவதாக எடுத்துக்கொள்ளும். ஹெல்மூட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். சித்தப்பாவுக்கு ஹாஸைத் தெரியாது. ஆனால் அடுத்தடுத்துக் கட்டினால் குழம்பாது, தள்ளித் தள்ளிக் கட்டினால் குழம்பும் என்பது தெரிந்திருக்கிறது.

பிறகு வேலை இரண்டே நாளில் முடிந்தது. இடம், தள்ளுக் கதவு போய் ஒதுங்கும் வழியை விட்டு அதற்குப் பின்னால், ஜன்னலுக்கு மேலே, கூரை வளையும் ஓரம். இரண்டு பக்கமும் 4 அங்குல மிட் ஒன்று. நேராக எதிர்ச்சுவரைப் பார்க்காமல் பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையில் சரிந்து பார்க்கும்படி. டேஷ்போர்டு மிட் இரண்டும் அப்படியே. டி.எஸ்.பி. தாமதத்தை எடுத்துவிட்டார், அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மிட்டுக்குப் பின்னால் மூடிய அறை வேண்டும். சும்மா தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டினால் பின்பக்கத்துச் சத்தம் முன்பக்கத்துச் சத்தத்தைத் தின்றுவிடும். இதற்கு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் 12 சென்டிமீட்டர் வெட்டி ஒரு பக்கம் மூடி போட்டார்கள், உள்ளே கொஞ்சம் பஞ்சு. உள்ளளவு ஒரு லிட்டர் வருகிறது, சின்ன மிட்டுக்கு அது போதும். பாஸ் உள்ளே போய் மிட்டைக் குதறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் வரிசையில் ஒரு கண்டன்சர். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 மைக்ரோஃபாரட் போட்டால் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். பிளஸ் மைனஸ் இல்லாத நான்-போலார் வகையாக இருக்க வேண்டும், சாதாரண கண்டன்சர் ஆகாது. பிறகு டார்ச் லைட் செல்லை ஒயரில் தொட்டு நான்கு மிட்டின் காகிதமும் ஒரே பக்கம் குதிக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்று உள்ளே இழுத்தது. அதை மாற்றிக் கட்டாமல் விட்டிருந்தால் இவ்வளவும் வீண், குரல் நடுவில் பள்ளம் விழுந்த மாதிரி இருந்திருக்கும்.

இன்னொன்றிலும் சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். சடன் பிரேக் போட்டால் யார் தலையும் மோதாத இடமா என்று ஒவ்வொரு சீட்டிலும் ஆளை உட்கார வைத்துப் பார்த்தார், விளிம்புக்கு ரப்பர் ஒட்டச் சொன்னார். (புதுக் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கூரை ஓரத்திலும் முன் தூணிலும் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கலாம். அங்கே துளை போடவே கூடாது. ஆம்னிக்கு அந்தக் கவலை இல்லை, அதில் ஏர்பேக்கே இல்லை!) பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு வரும் ஒயரில் பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது. மருந்துத் தூள் ஒட்டிய துணியோடு ஆள் ஏறும் ஊரில் அதை இரண்டு தடவை சரி பார்த்தார்கள்.

செலவைக் கணக்குப் பார்த்தால் இரண்டு மிட், கண்டன்சர், குழாய், ஒயர் எல்லாம் சேர்ந்து அந்த டி.எஸ்.பி.யின் விலையில் கால்பங்கு கூட வரவில்லை. தேய்மானம் கழித்தால் வண்டியின் மதிப்பு வருடா வருடம் இறங்குகிறது, உள்ளே இருக்கும் செட்டின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்று அவர் வீட்டம்மா சொல்வது வேறு கணக்கு.

முதல் நாள் காலையில் பின்சீட்டில் இருந்து வந்த சொல், "சத்தத்தக் கொற தம்பி" என்பதுதான். முன்பு வால்யூம் 28ல் ஓடியது, இப்போது 17. எஞ்சின் உறுமலையும் மீறிச் சொல் தெளிவாகக் கேட்கிறது. டிரைவருக்கு மட்டும் நஷ்டம். பாடகர் வைப்பருக்கு மேலே இருந்து இறங்கி, மறுபடி வலது பக்கமாக நகர்ந்து, கொஞ்சம் கலங்கலாக நிற்கிறார். இடது காது மந்தமான ஒரு பாட்டி, தானாகவே வலது காது ஸ்பீக்கர் பக்கம் வரும்படி வலது ஓரத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை யாருக்கும் விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பயர் ஆபீஸ் லீவு. அன்றைக்கு வண்டியைக் கழுவிவிட்டுத் தனியாக இருக்கன்குடி வரை போய் வருவார். ஏறியதும் ஃபேடரை முழுக்க முன்பக்கம் திருப்பி, டி.எஸ்.பி.யில் பழைய தாமதத்தையும் போட்டுக்கொள்வார். திங்கட்கிழமை காலையில் மாற்றி வைக்க மறந்துவிட்டால், இரண்டாவது ஸ்டாப்பில் ஏறுகிற அம்மா கதவைச் சாத்துவதற்கு முன்னாலேயே குரல் கொடுத்துவிடுவார். "ஏப்பா, பின்னாடி திருப்பு."